படைவீடும் லயமும்

கோலசிலாங்கூருக்கு வரும் விருந்தினரை நாம் முதலில் அழைத்துச் செல்லும் இடம் புக்கிட் மெலாவத்திக் குன்று. மரக்கிளைகளினின்று இறங்கிவந்து கைநீட்டும் குரங்குகளுக்குக் கடலை வாங்கிக் கொடுத்துவிட்டு, ஆற்று முகத்தை நோக்கி வாய்திறந்து கிடக்கும் பழம் பீரங்கிகளின் அருகே நின்று படம் எடுத்துக்கொண்டு, 1907-ஆம் ஆண்டில் எழுந்த கலங்கரை விளக்கத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு அவர்கள் இறங்கிவிடுவார்கள். அவ்விளக்கத்திற்கு வழங்கும் அல்திங்ஸ்பர்க் என்னும் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்போர் மிகச் சிலரே. 1784-ஆம் ஆண்டில் இக்குன்றைப் பிடித்த டச்சுக்காரர், பத்தாவியாவில் அமர்ந்து ஆண்ட தம் தலைமை ஆளுநர் அல்திங்கின் பெயரை இக்கோட்டைக்குச் சூட்டினர். அவர்தம் காவற்படை இங்கு ஓராண்டுகூட முழுமையாகத் தங்கவில்லை. பகாங்கிற்குச் சென்று துணை திரட்டிவந்த சுல்தான் இப்ராகிம், 1785-இல் இரவுத் தாக்குதல் ஒன்றில் கோட்டையை மீட்டுக்கொண்டார். ஆயினும் பெயர் மட்டும் குன்றைவிட்டு இறங்கவில்லை. பின்னர் 1871-இல் ரினால்டோ என்னும் ஆங்கிலப் போர்க்கப்பல் ஆற்று முகத்தில் நின்று இக்கோட்டையைக் குண்டுகளால் துளைத்தது. அதற்கு எழுபது ஆண்டுகளுக்குப்பின் ஜப்பானியர் வந்தனர்.

இங்ஙனம் இம்மண்ணில் வந்து தங்கிச் சென்ற அயற்படைகளின் வரிசை நீளமானது. அவ்வரிசையில் காணப்படாதவர் அமெரிக்கர். ஆனால், கடல்கடந்த நாடுகளில் படைவீடு அமைப்பதை ஒரு பெருந்தொழிலாகவே இருபதாம் நூற்றாண்டில் வளர்த்தவர் அவர்களே. அவர்கள் பிலிப்பீன்சிலும் பனாமாவிலும் திரினிதாதிலும் ஜெர்மனியிலும் கட்டிய படைவீடுகளின் வரலாற்றைப் படிக்கப் புகுந்தபோது, பல பக்கங்களில் நான் கண்டது நம் தோட்டத்து லயங்களின் வரலாற்றையே. அயலார் கட்டிடத்தைப் பார்க்கப் போனவன் தன் வீட்டுச் சுவரையே அங்குக் கண்டு திகைத்த கதையாயிற்று. அத்திகைப்பே இக்கட்டுரைக்குக் காரணம்.

படை தங்கும் இடத்தைத் தமிழர் பாசறை என்றும் பாடிவீடு என்றும் படைவீடு என்றும் வழங்கினர். பத்துப்பாட்டில் ஒன்றாகிய முல்லைப்பாட்டு, காட்டாற்றின் கரையில் காடு திருத்தி, முள்வேலி வளைத்து, தெருவகுத்து அமைக்கப்பட்ட பாசறை ஒன்றை நம் கண்முன் நிறுத்துகிறது. அப்பாசறையில் மன்னனின் கூடாரத்தைக் காத்து நிற்போர் யவனர், அதாவது கடல்கடந்து வந்த கூலிப்படையினர் என்பதையும் ஈண்டு நினைவில் கொள்ளலாம். காட்டை அழித்தல், வேலியிடுதல், வரிசைப்படுத்துதல், அயலாரைக் கொண்டுவந்து குடியேற்றுதல் ஆகிய நான்கும் சேர்ந்தால் பாசறை அமையும். இந்நான்கும் சேர்ந்தால் தோட்டமும் அமையும்!

சொற்களே இதற்குச் சான்று பகர்கின்றன. கிழக்கிந்தியக் கும்பினியின் பட்டாளத்தில் சிப்பாய்கள் குடியிருந்த வரிசைக் குடில்களுக்கு லைன்ஸ் என்பது பெயர். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சிப்பாய் லைன்ஸ் என்னும் இடப்பெயர் நெடுங்காலம் வழங்கியது. நீரிணைக் குடியேற்றங்களைக் காத்துநின்ற பட்டாளங்களுள் சென்னைப் படைப்பிரிவுகளும் இருந்தன. ஆகவே, ரப்பர் விதை இந்நாட்டு மண்ணில் விழுவதற்கு முன்பே லைன் என்னும் குடியிருப்பைத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் இங்கு அறிந்திருந்தனர். அப்பொழுது அவர் கையில் துப்பாக்கி இருந்தது. பின்னர் அதே பெயருடைய குடிலுக்குள் உளி பிடித்த கையோடு அவர்தம் இனத்தார் நுழைந்தனர்.

அந்த லைன் என்னும் சொல்லே நம் மக்கள் நாவில் லயம் ஆயிற்று. குதிரை கட்டும் கொட்டிலுக்குத் தமிழில் லாயம் என்று பெயருண்டு. அச்சொல்லின் சாயலும் இதில் ஏறியிருக்கக் கூடும் என்பது என் கருத்து. தமக்கு அளிக்கப்பட்ட வீட்டைப் பார்த்தவர்களுக்கு எந்தச் சொல் முதலில் நினைவுக்கு வந்திருக்கும் என்பதைப் படிப்போர் எண்ணிப் பார்க்கட்டும்.

லயத்தோடு இது முடியவில்லை. விடியுமுன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைப் பெரட்டு என்கிறோம். அது பரேடு என்னும் படைச்சொல்லின் திரிபு. பெரட்டுக் களத்தில் கிராணி கையில் வைத்திருந்த செக்ரோல், படைப்பிரிவின் வருகைப் பட்டியலுக்கு உடன்பிறப்பு. இலங்கையில் காப்பித் தோட்டங்கள் தொடங்கிய காலத்தில் நிலம் வாங்கியவருள் ஆங்கிலப் படை அதிகாரிகள் பலர் இருந்தனர். முதல் உலகப் போருக்குப் பின் மலாயாத் தோட்டங்களுக்குத் துரைகளாக வந்தவருள்ளும் போர்க்களம் கண்டவர் உண்டு. தாம் அறிந்த ஒழுங்கையே அவர்கள் இங்கும் நட்டனர் எனலாம்.

அமெரிக்கர் கதைக்கு வருவோம். 1898-இல் ஸ்பெயினை வென்ற பிறகே அந்நாட்டுப் படை கடல்கடந்து நிலையாகத் தங்கலாயிற்று. கியூபாவின் குவாந்தானமோ விரிகுடாவை 1903-இல் குத்தகைக்கு எடுத்தனர். பிலிப்பீன்சில் மணிலாவின் புறத்தே மெக்கின்லி கோட்டையும், லூசோன் சமவெளியில் ஸ்டோட்சன்பர்க் கோட்டையும் எழுந்தன. சீனத்துத் தியன்சின் நகரில் அவர்களின் பதினைந்தாம் காலாட்படைப் பிரிவு 1912 முதல் 1938 வரை படைவீடு கொண்டிருந்தது. பனாமாக் கால்வாய் வெட்டிய இடத்திலோ ஊதியப் பட்டியலே இரண்டாகப் பிரிக்கப்பட்டது. வெள்ளையர் பொற்பட்டியலில் இடம்பெற்றனர். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர் வெள்ளிப் பட்டியலில் இடம்பெற்றனர். பொன்னுக்கு ஒரு வீடு, வெள்ளிக்கு ஒரு கொட்டகை. துரை பங்களாவும் கிராணி வீடும் லயமும் ஒரே தோட்டத்தில் மூன்று தட்டாக நின்றதைக் கண்ட நமக்கு இது புதுமையன்று.

படைக்குள்ளேயும் இப்பாகுபாடு இருந்தது. கறுப்பினப் படைவீரருக்குத் தனிப் படைவீடு, தனி உணவுக்கூடம் என்றிருந்த நிலையை மாற்ற அதிபர் ட்ரூமன் ஆணை பிறப்பித்தது 1948 ஜூலையில்தான். அந்த 1948 நம் நாட்டு வரலாற்றில் எத்தகைய ஆண்டு என்பதைப் பின்னர்க் காண்போம்.

அமெரிக்கப் படைவீடு நம்மவர் வாழ்க்கையை நேராகத் தொட்ட இடம் ஒன்று உண்டு. அது திரினிதாத் தீவு. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து சென்றவர்களின் குடியிருப்புக்கு அங்கு வழங்கிய பெயரே பாரக்ஸ் என்பதாகும். ஒரு நீண்ட மரக் கட்டிடம். அதனைப் பல அறைகளாகத் தடுத்திருப்பர். தடுப்பு கூரைவரை எட்டாது. ஓர் அறையின் இருமல் அடுத்த அறைக்குக் கேட்கும். ஓர் அறையின் சண்டை எல்லா அறைக்கும் கேட்கும். 1940-இல் இங்கிலாந்து ஐம்பது பழம் போர்க்கப்பல்களைப் பெற்றுக்கொண்டு, மேற்கிந்தியத் தீவுகளில் தளம் அமைக்கும் உரிமையைத் தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகைக்கு அமெரிக்காவிடம் கொடுத்தது. திரினிதாதில் சாகுவராமஸ் என்னுமிடத்தில் கடற்படைத் தளமும், வாலர் பீல்டில் வானூர்தித் தளமும் எழுந்தன. தளம் கட்ட ஆள் வேண்டியிருந்தது, கூலியும் மிகுதி. கரும்புத் தோட்டத்தை விட்டு மக்கள் அங்கு விரைந்தனர். ஒரு பாரக்சில் பிறந்தவன் இன்னொரு பாரக்சைக் கட்டப் போனான் என்பதுதான் இதன் பொருள். அத்தீவு மக்கள் அத்தளத்தைத் திருப்பிக் கேட்டு 1960-இல் ஊர்வலம் சென்றது தனிக்கதை.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர் படைவீட்டைப் பெட்டியில் அடைத்துக் கப்பலில் ஏற்றும் சரக்காகவே ஆக்கினர். நெளிதகட்டை அரைவட்டமாக வளைத்துச் செய்த கொன்செட் கொட்டகை 1941-இல் தோன்றியது. போர் முடிவதற்குள் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட கொட்டகைகள் செய்யப்பட்டன. முதல் உலகப் போரில் வந்த நிசன் கொட்டகையின் வழித்தோன்றல் அது. ஆனால் நம் பக்கத்தில் அவர்களுக்கு ஓலையே உதவிற்று. தென்கிழக்காசிய நேசப்படைத் தலைமையகம் 1944-இல் கண்டிக்கு மாறியபோது, பேராதனைப் பூந்தோட்டத்தில் அமெரிக்க அதிகாரிகளும் கிடுகு வேய்ந்த கொட்டகைகளில் அமர்ந்து, மலாயாவை மீட்கும் திட்டங்களை ஆராய்ந்தனர். அவர்களைச் சுற்றியிருந்த மலைகளில் தமிழர் லயங்கள் இருந்தன. அவற்றுக்குத் தகரக் கூரை!

இனி, நம் வட்டாரத்து லயத்தைச் சற்று நின்று பார்ப்போம். கோலசிலாங்கூரிலிருந்து கிழக்கே போனால் பத்தாங் பெர்ஜுந்தை. இன்று அதற்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர். அங்குள்ள தென்னமரம் தோட்டத்தில் 1917-இல்தான் இந்நாட்டின் முதல் வாணிக எண்ணெய்ப்பனை நடவு தொடங்கிற்று. தொடங்கியவர் ஹென்றி பொக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். மலாயா வாழ்வைப் பற்றி அவர் எழுதிய நாவலுக்குப் பிரான்சின் கொன்கூர் பரிசு 1930-இல் கிடைத்தது. ஆட்சி ஆங்கிலேயருடையது, துரை பிரெஞ்சுக்காரர், நட்ட மரமோ ஆப்பிரிக்காவினது, தோட்டத்தின் பெயர் மட்டும் தமிழ்! அப்பெயர் எழுதிய பலகையைக் காணும் போதெல்லாம் எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சியும் அதனைவிடப் பெரியதோர் ஏக்கமும் உண்டாகும்.

தொடக்ககால லயங்கள் அத்தாப்புக் கூரையும் பலகைச் சுவரும் உடையன. பின்னரே தகரம் வந்தது. முதுகோடு முதுகு ஒட்டிய அறை வரிசைகள். ஓர் அறை ஏறத்தாழப் பத்தடிக்குப் பத்தடி. முன்னே ஒரு திண்ணை, அதன் ஓரத்தில் அடுப்பு. மணமாகாதவர் பலர் ஓரறையில். குடும்பமாயின் குடும்பம் முழுவதும் ஓரறையில். பட்டாளத்தான் படைவீட்டில் இருப்பது சில ஆண்டுகளுக்கு. அவனுக்கு வேறெங்கோ ஒரு வீடு உண்டு. ஆனால் படைவீரனின் இடைக்காலத் தங்கலுக்கென வகுத்த அளவில் நம் மக்கள் பிறந்து, பூப்பெய்தி, மணந்து, பிள்ளை பெற்று, மாண்டனர். படைவீட்டுக்கும் லயத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே. மற்றவை ஒற்றுமைகள்.

லயத்தை எங்கே கட்டுவது என்னும் கேள்வியை முதலில் முறையாக எழுப்பியவர் மருத்துவர் மால்கம் வாட்சன். 1901 முதல் கிள்ளானில் மலேரியாவை எதிர்த்து அவர் செய்த பணி உலகப்புகழ் பெற்றது. கடலோரச் சமநிலத் தோட்டங்களில் காடு திருத்தி வடிகால் வெட்டியவுடன் காய்ச்சல் குறைவதைக் கண்டார். காட்டோரத்து லயங்களில் மட்டும் சாவு குறையவில்லை. எனவே லயத்தைக் காட்டிலிருந்து ஏறத்தாழ அரை மைல் தள்ளிக் கட்டுமாறு வற்புறுத்தினார். ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் மாண்டனர் என்று லயம் லயமாகக் கணக்கெடுத்து 1911-இல் நூலாக வெளியிட்டார். படை மருத்துவன் தன் முகாமைப் பார்ப்பதுபோல் அவர் தோட்டத்தைப் பார்த்தார் என்று குறை கூறுவாரும் உளர். இருக்கலாம், ஆனால் நம் மூதாதையரின் சாவைக் கணக்கெடுத்து எழுதிவைத்தவர்கள் அந்நாளில் எத்தனை பேர்? தமிழில் எவருமில்லையே!

1912-இல் மலாய்க் கூட்டுநாடுகளுக்குத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்தது. சட்டம் வந்தும் வாயில் திறக்கவில்லை. 1941-இல் ஆர். எச். நாதன் முதலியோர் வழிகாட்டலில் கிள்ளான் வட்டாரத்தில் எழுந்து சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவிய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். ஊதிய உயர்வு அதில் உண்டு; கள்ளுக்கடையை மூடுவது உண்டு. அவற்றோடு, உற்றார் உறவினர் லயத்துக்கு வந்துபோகத் தடையிருத்தல் கூடாது என்பதும், துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் உண்டு. தன் வீட்டுக்கு மாமன் மைத்துனன் வர உரிமை கேட்டு ஒருவன் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தால், அவன் இருந்தது வீடா, காவல் முகாமா? மேலதிகாரியைக் கண்டவுடன் இறங்கி நின்று வணங்குதல் படைவீட்டு விதியன்றோ? மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார், படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் ஐவர் உயிர் நீத்தனர். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

எட்டுத் திங்கள்கூடச் செல்லவில்லை. 1942 சனவரி முதல் வாரத்தில் ஜப்பானியர் படகுகளில் வந்து கோலசிலாங்கூரில் இறங்க முயன்றனர். முதல் முயற்சியைப் பீரங்கிகள் தடுத்தன. பின்னர்க் கடற்கரைச் சாலையிலும் பத்தாங் பெர்ஜுந்தைப் பாலத்தை ஒட்டியும் போர் நடந்தது. சனவரி 11-இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. ரப்பர் அமெரிக்காவுக்குப் போக முடியாமற்போயிற்று. அங்கே செயற்கை ரப்பர்த் தொழில் போர்க்கால வேகத்தில் வளர்ந்தது. இங்கே பால்வாளி காய்ந்தது. லயத்தில் அடுப்பும் அணைந்தது. சயாம்–பர்மா ரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து எழுபதாயிரத்திற்கும் மேற்பட்டோர் கொண்டுபோகப்பட்டனர். அவருள் பெரும்பாலோர் தமிழர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையின் ஓரத்தில் மூங்கிலும் ஓலையும் கொண்டு கட்டிய நீண்ட கொட்டகைகளில் அவர்கள் கிடந்தனர். மழை ஒழுகும் அக்கொட்டகைகளில் 1943-இல் வாந்திபேதி புகுந்தது. மேற்கத்தியப் போர்க்கைதிகளுக்கு மருத்துவர்களும் கணக்கெழுதும் அதிகாரிகளும் உடனிருந்தனர். நம்மவருக்கு எவருமில்லை. கைதிகளின் கல்லறைகளில் பெயர் இருக்கிறது. நம்மவர் பெரும்பாலோருக்குக் கல்லறையே இல்லை.

அதே ஆண்டில் இன்னொரு வகை முகாமும் திறந்தது. நேதாஜியின் அழைப்பைக் கேட்டுத் தோட்டத்து இளைஞரும் இளம்பெண்களும் இந்திய தேசிய இராணுவத்தின் பயிற்சி முகாம்களுக்குச் சென்றனர். பெரட்டில் தலைகுனிந்து நின்ற பெண் ஜான்சிராணிப் படையின் அணிவகுப்பில் தலைநிமிர்ந்து நின்றாள். அணிவகுப்பு ஒன்றே, நின்ற நிலை வேறு. படைவீட்டை நம் மக்கள் தாமே விரும்பி நாடிச் சென்ற காலம் அதுவொன்றே எனலாம்.

1948 ஜூனில் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. லயத்துக்கும் படைவீட்டுக்கும் நடுவேயிருந்த மெல்லிய திரையும் அன்றோடு கிழிந்தது. அவ்வாண்டு டிசம்பர் 12-இல், வட சிலாங்கூரின் பத்தாங் காலிக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில், ஸ்காட்லாந்துக் காவற்படைப் பிரிவினர் ஆயுதமற்ற 24 சீனத் தொழிலாளரைச் சுட்டுக்கொன்று, அவர்தம் கொங்சிக் குடில்களுக்குத் தீயிட்டனர். அதற்கு நீதி கேட்டு உறவினர் நடத்திய வழக்கு 2015-இல் இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம் வரை சென்று தள்ளுபடியாயிற்று. தொழிலாளியின் குடில், படையின் கண்ணுக்குப் பகைவன் பாசறையாகத் தெரிந்ததன் விளைவு அது. ரவாங் பக்கத்தில் பிடிபட்ட மலாயா கணபதி 1949 மே 4-இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டதும் இக்காலத்தேதான்.

1950-இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தின்படி காட்டோரத்தில் வாழ்ந்த சீனர் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். இதனைப் பலரும் எழுதியுள்ளனர். தோட்டங்களில் நிகழ்ந்ததோ அத்துணை எழுதப்படவில்லை. மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு, ஆற்றோரப் பிரிவு என்று சிதறிக் கிடந்த லயங்களை ஓரிடத்தில் குவித்து, சுற்றிலும் முள்கம்பி வேலியிட்டனர். வேலிக்கு ஒரு வாயில், வாயிலுக்கு ஒரு காவற்கூடு. இரவில் விளக்கொளி, குறித்த நேரத்துக்குமேல் ஊரடங்கு. துப்பாக்கி ஏந்திய சிறப்புக் காவலர் வாயிலில் நின்று, வேலைக்குப் போகும் ஆணையும் பெண்ணையும் சோதித்தனர். சோறு வெளியே போகக் கூடாது. வெயிலேறும்வரை பால் வெட்டும் பெண் பசியோடுதான் வெட்ட வேண்டும். தகரத்தில் அடைத்த உணவைக் கடைக்காரர் துளையிட்டே விற்க வேண்டும். துளையிட்டால் அது காட்டில் நாட்கணக்கில் வைத்திருக்க உதவாது. சில வட்டாரங்களில் வீட்டில் அரிசி வைத்திருப்பதே குற்றமாயிற்று. பொதுச் சமையற்கூடத்தில் வடித்த சோற்றையே வரிசையில் நின்று வாங்கினர். படைவீட்டின் கடைசி அடையாளம் பொதுச் சமையல் அன்றோ? அதுவரை லயத்துக்கு எஞ்சியிருந்த ஒரே உரிமை, அவரவர் அடுப்பில் அவரவர் குழம்பு என்பதுதான். அதுவும் சில காலம் போயிற்று.

இவ்வேலியின் பிறப்பிடத்தைத் தேடினால் மீண்டும் அமெரிக்காவுக்கே செல்கிறோம். முள்கம்பிக்கு 1874-இல் காப்புரிமை பெற்றவர் இல்லினாய் மாநிலத்து உழவர் ஜோசப் கிலிடன். பயிரை மேயவரும் மாட்டைத் தடுக்கச் செய்த கம்பி அது. மாட்டைத் தடுத்த கம்பி மனிதரைத் தடுக்க நெடுநாள் பிடிக்கவில்லை. 1896-இல் கியூபாவில் ஸ்பானியத் தளபதி வெய்லர் நாட்டுப்புற மக்களை அரண்செய்த ஊர்களுக்குள் அடைத்தான். அக்கொடுமையைக் கண்டித்துக் குரலெழுப்பிய அமெரிக்காவே, 1901-இன் இறுதியில் பிலிப்பீன்சின் பத்தங்காஸ் பகுதியில் அதே முறையைக் கையாண்டது. அக்காலத்தேதான் தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலேயர் போயர்க் குடும்பங்களையும் கறுப்பின மக்களையும் முகாம்களில் அடைத்தனர். இவ்வாறு கைமாறிக் கைமாறி வந்த முறைதான் அரை நூற்றாண்டுக்குப்பின் நம் தோட்டத்து லயத்தைச் சூழ்ந்தது.

இங்கிருந்து அது மீண்டும் பயணப்பட்டது. மலாயாவில் பாதுகாப்புச் செயலராக இருந்த ராபர்ட் தாம்சன் 1961-இல் தென் வியட்நாமுக்கு ஆங்கில ஆலோசனைக் குழுவின் தலைவராகச் சென்றார். மறு ஆண்டில் அமெரிக்கப் பொருளுதவியோடு அங்கே வேலியிட்ட ஊர்கள் எழுந்தன. ஆனால் மலாயாவில் நடந்தது வியட்நாமில் நடக்கவில்லை. நிலத்தைவிட்டுப் பெயர்க்கப்பட்ட உழவர் வேலியைப் பிய்த்துக்கொண்டு தம் வயலுக்குத் திரும்பினர். 1963 நவம்பரில் அதிபர் தியெம் வீழ்ந்ததும் அத்திட்டமும் சரிந்தது. மலாயாவில் ஏன் சரியவில்லை என்பதற்கு அறிஞர் பல காரணம் கூறுவர். அவர்கள் கூறாத ஒன்றை நான் சொல்வேன்: தோட்டத் தமிழனுக்குத் திரும்பிப் போக வயல் இல்லை. லயத்துக்கு வெளியே அவனுக்குச் சொந்தமாக ஒரு முழ நிலமும் இல்லை. வேலிக்கு வெளியே எதுவும் இல்லாதவனை வேலிக்குள் வைப்பது எளிது.

வியட்நாம் போரின்போது விடுப்பில் வந்த அமெரிக்கப் படைவீரரைப் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் காண முடிந்தது. சில நாள் விருந்தினராக வந்து போயினர், அவ்வளவே. ஆனால் அப்போரின் முடிவு அவர்தம் படைவீட்டையே மாற்றியது. கட்டாயப் படைச்சேர்ப்பு 1973-இல் நிறுத்தப்பட்டது. இனி விரும்பி வருவோரைக் கொண்டே படை நடத்த வேண்டும் என்றானதும், நாற்பது ஐம்பது கட்டில்களை வரிசையாகப் போட்ட திறந்த கூடங்களைத் தடுத்து, இருவர் மூவருக்கு ஓர் அறை என்று அமைக்கலாயினர். மறுக்கும் உரிமை படைவீரனுக்குக் கிடைத்த பின்னரே அவனுக்குக் கதவும் கிடைத்தது. நம் பக்கத்திலும் இதற்கு ஒப்பானதொன்று நிகழ்ந்தது. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. 1966-இல் தொழிலாளர் வீடுகளின் குறைந்தபட்சத் தரத்துக்கான சட்டம் வந்தது. அதன்பின் இரட்டை வீடுகள் எழுந்தன. தனிச் சமையலறை வந்தது. குழாயும் மின்விளக்கும் மெல்ல மெல்ல வந்தன.

வீடு சீரானபோது தோட்டம் போயிற்று. ரப்பர் எண்ணெய்ப்பனைக்கு வழிவிட்டது. 1990-களில் வட சிலாங்கூரில் நெடுஞ்சாலையை ஒட்டிய தோட்டங்கள் பல நகர்ப்புறக் குடியிருப்புகளாக மாறின. தோட்டம் விற்கப்பட்டபோது வீடும் விற்கப்பட்டது. ஏனெனில் லயத்து வீடு வேலையோடு ஒட்டிய வீடு, வேலை போனால் வீடும் போகும். இதுவும் படைவீட்டு விதியே. ஓய்வுபெற்ற படைவீரன் படைவீட்டில் இருக்க முடியாது. ஆனால் அவனுக்கு ஓய்வூதியம் உண்டு, திரும்பிச் செல்ல ஊர் உண்டு.

அமெரிக்கரின் படைவீடுகள் பலவும் காலியாயின. பினாத்துபோ எரிமலை வெடித்த 1991-இலேயே கிளார்க் தளத்தை விட்டு அகன்றனர். மறு ஆண்டு சுபிக் தளத்தையும் ஒப்படைத்தனர். மெக்கின்லி கோட்டை இருந்த நிலத்தில் இன்று மணிலாவின் வானளாவிய மாடங்கள் நிற்கின்றன. கைவிட்ட தளத்தை என்ன செய்வது, அங்கு வேலை பார்த்த உள்ளூர் மக்களுக்கு என்ன வழி என்பன பற்றி ஆய்வுகள் வெளிவந்தன, சட்டங்கள் இயற்றப்பட்டன, படைவீடுகள் சில காட்சியகங்களாகக் காக்கப்படுகின்றன. காலியான லயங்களுக்கு அத்தகைய கவனம் கிடைத்ததா?

லயத்தின் அமைப்பு மறைந்துவிட்டதென்றும் சொல்வதற்கில்லை. நம் மக்கள் விட்டுச்சென்ற அறைகளிலும், தொழிற்சாலைகளை ஒட்டிய விடுதிகளிலும் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் தங்குகின்றனர். 2020, 2021-ஆம் ஆண்டுகளில் அமெரிக்கச் சுங்கத்துறை மலேசிய ரப்பர்க் கையுறைகள் சிலவற்றை உள்ளே விடாமல் தடுத்தது. கட்டாய உழைப்புக்கு அது காட்டிய அடையாளங்களுள், தொழிலாளர் வாழும் இடத்தின் இழிநிலையும் ஒன்று. நூறாண்டுக் காலம் ரப்பரை வாங்கிய நாடு, அதனைச் செய்தவன் எங்கே படுத்தான் என்று கேட்க இத்தனை காலம் ஆயிற்று. ஆயினும் கேட்டதே என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். நம் பாட்டனுக்காக அப்படிக் கேட்டவர் இலர்.

நம் எழுத்தாளர்களிடமும் ஆசிரியர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கோலசிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், கெர்லிங், களும்பாங் பக்கங்களில் இன்னும் ஓரிரு பழைய லயங்கள் நிற்கக்கூடும். அவை விழுமுன் ஓர் அளவுநாடாவும் குறிப்பேடும் எடுத்துச் செல்லுங்கள். அறையின் நீளம் எத்தனை அடி, தடுப்பு எத்தனை அடி, அடுப்பு எந்தப் பக்கம், கோயிலுக்கும் பெரட்டுக் களத்துக்கும் எத்தனை தப்படி, வேலியின் வாயில் எங்கிருந்தது என்று அளந்து எழுதுங்கள். வேலிக்குள் இருந்தவர்களில் எஞ்சியோர் எண்பதைக் கடந்துவிட்டனர். எந்த லயத்தில் எந்தக் குடும்பம் இருந்தது என்பதை அவர்கள் வாய் வழியாகவே இனி அறிய முடியும்.

புக்கிட் மெலாவத்தியில் டச்சுக்காரர் பத்துத் திங்கள் தங்கியதற்கு அறிவிப்புப் பலகை இருக்கிறது. பீரங்கிக்கு வண்ணம் பூசியிருக்கிறார்கள். குன்றைவிட்டு இறங்கி உள்நாட்டுச் சாலையில் சென்றால், எண்ணெய்ப்பனைகளுக்கிடையே சில இடங்களில் சிமெண்டுப் படிகள் தென்படும். மூன்று படி, சில அடி இடைவெளி, மீண்டும் மூன்று படி. அவற்றின் மேல் இப்பொழுது வீடு எதுவும் இல்லை.